முனி முடக்கில் நின்ற ஜீப்

சொன்ன பேச்சு கேட்காத என் தங்கத் தம்பி சந்திரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே கண்டி மகியாவ வீட்டில் எல்லோரும் சுகம் என்று தொடங்கப் பார்த்தேன். எல்லோரும் என்ற சொல்லிலேயே கை நின்றுவிட்டது. நீ இல்லாமல் என்னடா எல்லோரும்? இருக்கிறவர்கள் இருக்கிறோம். உன் பெண்டாட்டி செல்வியும் இப்போது என்னோடுதான். கண்டிக்கு வந்தால் நீ கால் நீட்டிப் படுக்கும் கட்டிலில்தான் அவளும் படுக்கிறாள்.

உன் ஜீப்புக்குப் பிரேக் மாற்றிவிட்டேன். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். உனக்குச் சந்தோஷமாக இருக்குமா, வெட்கமாக இருக்குமா?

அந்த ராட்சச டயர் நாலையும் பூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? டயர் என் இடுப்பைத் தொட்டது. மழை கிழித்துப் போட்ட, தோட்டத்து மேல் பிரிவான மேற்கணக்குக்கு ஏறும் ரோட்டில் பழைய டயரோடு போனால் ஜீப்பின் வயிறு கல்லில் அடிக்கிறது, இனி அடிக்காது என்று குழந்தை மாதிரி சுற்றிச் சுற்றி வந்து காட்டினாய். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். மாலை போட்டோம், சூடம் காட்டினோம். பிரேக்கை என்னடா செய்தாய் என்று கேட்டேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

நீ சிரித்தாய். உன் வேனில் பிள்ளைகள், என் ஜீப்பில் கோவா, போஞ்சி மரக்கறி மூட்டைதானே என்றாய். பிறகு அதே ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றினாய்? காய்ச்சல்காரர், வழுக்கி விழுந்து கால் முறிந்தவர், பிள்ளைத்தாய்ச்சி. மேற்கணக்கு லயத்து வீடுகளிலிருந்து தெல்தெனிய ஆஸ்பத்திரிக்கு இறங்க வேறு வண்டி ஏது? அவர்களுக்கு உன் ஜீப்தான் அம்புலன்ஸ். அதற்காக உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நானும்தான் பெருமைப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

அந்த ஜீப் சந்திரன் காலுக்கு மட்டும்தான் கேட்கும் என்பார்கள். ஒரு மிதி மிதித்தால் நிற்காது. இரண்டு, மூன்று தரம் தட்டித் தட்டி மிதிக்க வேண்டும். அதை உன் கெட்டித்தனம் என்று நினைத்தோம். இறக்கத்தில் நீ வரும்போது கருகல் வாசம் உனக்கு முன்னால் சந்திக்கு வந்துவிடும். டீக்கடையில் இருப்பவர்கள், சந்திரன் வர்றான், கிளாஸைக் கழுவு என்பார்களாம். பிரேக் வெந்து சாகும் வாசத்தைத்தான் உன் வருகை என்று கொண்டாடியிருக்கிறார்கள். யாருக்கும் உறைக்கவில்லையே, சந்திரா.

அப்புறம் அந்த நாள். மரக்கறி ஏற்றிக்கொண்டு தனியாக இறங்கினாய். மேலே ஓடையைக் கடந்து பிரேக் நனைந்த ஈரத்தோடு வந்திருக்கிறாய். முனியப்பன் கல் இருக்கும் வளைவில், அதுதான் நாம் முனி முடக்கு என்போமே, அங்கே ஜீப் திரும்பாமல் நேரே போய்விட்டது. ஜீப்பை ஒரு சவுக்கு மரம் பிடித்துக்கொண்டது. உன்னைப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஜீப்புக்கு மட்கார்ட் நெளிந்தது, அவ்வளவுதான். நீ கீழே கல்லில் கிடந்தாய்.

முனி காவு கேட்டுவிட்டார் என்று மேற்கணக்கு முழுக்கப் பேச்சு. செல்வியும் அதையே பிடித்துக்கொண்டாள். முனி எடுத்தார் என்றால் அழுதுவிட்டு இருந்துவிடலாம், வேறு யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சாமியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. செய்யாத கொலைக்குப் பழி சுமந்துகொண்டு மழையில் உட்கார்ந்திருக்கிறார்.

நீ போகும்போது செல்விக்கு வயிறு வெளியில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வரும்வரை லயத்தில் இருக்கக் கூடாது, கீழே போய்விடு என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். அவள் அசையவில்லை. அந்த முடக்கைத் தாண்ட மாட்டேன் என்றாள். நடந்தும் வர மாட்டாள், கம்பளியில் தூளி கட்டித் தூக்கவும் விட மாட்டாள். "அவரை எடுத்த எடம் புள்ளையையும் கேக்கும்க்கா" என்றாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், அவள் அம்மாவோடு சண்டை போட்டேன். சுவரோடு பேசுவது போல்தான். அப்படியே விட்டால் தாயும் பிள்ளையும் அந்த லயத்திலேயே போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஜீப்பை இழுத்துக்கொண்டு அக்குறணைக்குப் போனேன். பாரூக் நானாவின் கராஜ் உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நல்லது. பிரேக் ட்ரம் நாலையும் கழற்றி வரிசையாக வைத்தார். சூட்டில் நீலம் பாரித்திருந்தது. உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. "யானைய ஆட்டுக் கயித்தால கட்டி வெச்சீக்கிறாரு தங்கச்சி" என்றார். டயரின் உயரம் கூடினால் அதைப் பிடித்து நிறுத்தப் பிரேக்குக்கும் பலம் கூட வேண்டுமாம். கியரைப் போட்டு இறங்கினாலும் பழையபடி இழுத்துப் பிடிக்காதாம். லைனிங்கைக் கையில் எடுத்தேன். அந்தக் கருகல் வாசம் இன்னும் இருந்தது. அங்கேயே, கராஜ் நடுவில், எல்லோரும் பார்க்க அழுதேன்.

பழைய டயரையே பூட்டிவிடலாமா என்று கேட்டேன். பூட்டினால் மேற்கணக்குக்கு ஏறாது, ஏறாத ஜீப் எதற்கு என்றார். அதுவும் நியாயம்தான். ஆகவே டயர் இருந்தது, பிரேக் மாறியது. முன்னுக்கு இரண்டு பக்கமும் டிஸ்க், பின்னுக்குப் பெரிய ட்ரம், புது மாஸ்டர் சிலிண்டர், காலுக்குத் துணையாகப் பூஸ்டர், ஹோஸ் எல்லாம் புதுசு. அவர் வேலை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று உயிரை எடுத்தேன். அலவத்துகொட பக்கம் இறக்கங்களில் அவரே ஓட்டிப் பார்த்தார், பிறகு என்னை ஓட்டச் சொன்னார். மிதித்தால் நிற்கிறது, தம்பி. தட்ட வேண்டியதில்லை. ஒரு மிதி.

மேற்கணக்கில் அதற்குள் ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். முனிக்குக் காவு கொடுத்த பிறகுதான் ஜீப் ரோட்டில் இறங்க வேண்டும் என்றார்கள். செய்யுங்கள் என்றேன். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பொங்கல் வைத்தார்கள், ஆட்டை வெட்டினார்கள், கறியும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகும் செல்வி ஏறவில்லை.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன். நீ ஏற வேண்டாம், பார்க்க மட்டும் வா என்றேன். அவள் வீடு முனி முடக்குக்கு மேலேதான், சாமி கல் இருக்கிற பக்கம். அதனால் முடக்கைத் தாண்டாமலே மேட்டில் வந்து நிற்க முடிந்தது. அவள் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று நீ ஏற்றிய அளவுக்கு மூட்டை ஏற்றச் சொன்னேன். ஓடையில் இறக்கி சக்கரத்தை நனைத்துக்கொண்டு வந்தேன். நீ எப்படி வந்தாயோ அப்படியே.

பயமாக இருந்ததா என்று கேட்காதே. இறக்கம் தொடங்கியதும் நீ கடைசியாகப் பார்த்த அதே ரோடுதானே இது என்று நினைத்தேன். நீ என்னைக் கூப்பிட்டிருப்பாயா? அம்மாவைக் கூப்பிட்டிருப்பாயா? எத்தனை தரம் தட்டினாய்? முடக்குக்கு முன்னால், முனியப்பன் கல்லுக்கு நேரே, மிதித்தேன்.

நின்றது. மூட்டைகள் முன்னால் சரிந்தன, ஜீப் நகரவில்லை. ரோட்டின் விளிம்புக்கு இன்னும் ஒரு ஜீப் நிற்கும் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உன்னை ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன்.

செல்வி மேட்டிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். டயரைப் பார்த்தாள், முடக்கைப் பார்த்தாள், நீ கிடந்த கல்லை எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு இந்த பிரேக் இருந்திருந்தா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விதி என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுப்பிள்ளைக்காரி, இன்னும் கொஞ்ச நாள் முனியையே நம்பிக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கையோடு அவளைக் கீழே இறக்க முடியாதே.

"நின்னிருக்கும்" என்றேன்.

அவள் அழவில்லை. நீ போன நாளிலிருந்து அழுதுகொண்டே இருந்தவள், அன்று அழவில்லை. முனியப்பன் கல்லுக்குப் போய்க் கைகூப்பி நின்றாள். அவள் அம்மா கூப்பிட்டும் திரும்பவில்லை. பிறகு வந்து முன் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இத்தனை நாளும் சாமியத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்டுட்டேன்க்கா" என்றாள். "உங்க தம்பிய என்ன செய்யிறதுன்னுதான் தெரியல."

எனக்கும் தெரியவில்லை, சந்திரா. இறங்கினோம். கீழே சந்தி டீக்கடையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. வாசம் வரவில்லை அல்லவா.

இப்போது அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். பிள்ளை இன்னும் திரும்பவில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நாளை விடிந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன். மேற்கணக்குக்கு ஜீப் கிழமைக்கு இரண்டு நாள் ஏறுகிறது, நான்தான் ஓட்டுகிறேன்.

உன் பிள்ளை வளர்ந்து, அப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேட்கும். முனி எடுத்துக்கொண்டார் என்று யார் சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். உன் அப்பா நல்லவன், கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடிப் போனவன், பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்றவன், அதனால் உன்னைப் பார்க்காமலே போனவன் என்று சொல்வேன். எல்லாவற்றையும் சேர்த்தேதான் சொல்வேன். அதைக் கேட்டு அது உன் மேல் கோபப்பட்டால், தடுக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மேல் கோபம் இன்னும் தீராத,
உன் கூடப் பிறந்த அக்கா.