சுவரில் என் முதுகு

19.8.86, செவ்வாய்

மார்த்தாவிட்ட இண்டைக்குக் கெஞ்சவேண்டியதாப் போச்சு. எங்கட கட்டடச் சுவரில எல் சல்வடோர்ச் சனத்தின்ர கதையை வரையிறவ அவ. சோளக்கதிரும் ஊர்வலமுமா மூண்டு மாடி உயரம். பக்கத்து வீட்டுக்காரி எண்டு போன கிழமை என்னையும் அதுக்குள்ள கீறிவிட்டா. எனக்கும் சரியான சந்தோசம், புளுகம்தான், பொய் சொல்லேல்லை.

பின்னேரம் பஸ்ஸால இறங்கின எங்கட ஊர்ச் சிவமண்ணை சுவரைப் பாத்திட்டு என்னட்ட வந்தார். "பிள்ளை, ஊரில உம்மட மனுசனைத் தேடி வாற ஆமிக்கு நீர் செத்துப்போனீர் எண்டு உம்மட மாமி சொல்லி வச்சிருக்கிறா. நீர் இஞ்ச சுவரில நிண்டு சிரிக்கிறீர். நாளைக்குப் பேப்பர்க்காரர் படமெடுக்க வருகினமாம். அது ஆமியின்ர கண்ணில பட்டா மாமியின்ர கதி என்ன?"

உடன மார்த்தாவிட்ட ஓடினன். அரைகுறை பிரெஞ்சில என்ர படத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினன். அவ கோவிக்கேல்லை. ஊர்வலத்தைக் காட்டி, "இவையைப் பார்" எண்டா. அப்பதான் கண்டன், அரைவாசிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கினம். அவையின்ர வீட்டு ஆக்களும் இன்னும் அங்க, எல் சல்வடோரிலதானாம்.

பொழுதுபட முதல் என்னையும் திருப்பிவிட்டா. முகம் போச்சு. நீலச் சட்டையும் நீளப் பின்னலும்தான் மிச்சம். "இனி உன்னை ஒருத்தருக்கும் தெரியாது" எண்டா.

நித்திரை வருகுதில்லை. என்ர மனுசன், இவர், அந்தப் பின்னலைக் கண்டா உடன சொல்லுவார், நான்தான் எண்டு. இவரோட ஒண்டாத் திரிஞ்ச ஒருத்தன் இப்ப ஆமியோட நிக்கிறான். எங்கட குசினியில எத்தினை நாள் சாப்பிட்டவன். நான் அடுப்படியில நிக்கேக்க அவன் பாத்துக்கொண்டு இருந்தது என்ர முதுகைத்தான்.