கட்டைவிரலால் பார்த்த நாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் தலைசுற்றல் எப்படி இருக்கிறது?

நேற்று உடலியங்கியல் ஆய்வகத்தில் பக்கத்து மாணவியின் நாடியை எண்ணித் தொண்ணூற்றாறு என்றேன். ஆசிரியை என் கையைப் பார்த்துவிட்டார். "கட்டைவிரல வெச்சா உன் நாடிதாம்மா துடிக்கும், அவளோடது இல்ல." வகுப்பே சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்தேன்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. விடுமுறையில் உங்கள் கையையும் அப்படித்தான் பிடித்தேன். பெரிய டாக்டர் மாதிரி, "நாடி சீரா இருக்கும்மா" என்றேன். "என் பொண்ணே பாத்துட்டா, வேற டாக்டர் எதுக்கு?" என்று நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுவிட்டீர்கள்.

எழுதவே கூசுகிறது. இது கிடைத்த அன்றே போய்க் காட்டுங்கள். திட்டியாவது நாலு வரி போடுங்கள். மணி அடித்துவிட்டது.

அன்று சீராக இருந்தது என் நாடி, அம்மா.

உங்கள் மகள்