மாடியில பக்கெட், கீழே நான்

ஏனுங்க,

மாடி பாத்ரூம்ல புது கீசர் மாட்ட பிளம்பர் சந்துரு பத்து மணிக்கு வர்றானுங்க. அதுக்கு முன்னால தண்ணி என்ன வேகத்துல வருதுன்னு பார்த்து வெக்கச் சொன்னான். நேத்து மாதிரி, நான் தலைக்கு அரப்புத் தேச்சுட்டு இருக்கறப்ப வால்வை மூடிச் சோதிக்காதீங்க. கண்ணு இன்னும் எரியுது. அதனாலதான் உங்ககூடப் பேசறதில்ல.

ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு. சொசைட்டில பால் ஊத்திட்டு ஒன்பதுக்குள்ள வந்தர்றேன்.

பூவாத்தாள்

பி.கு.: சமையல்கட்டுக் குழாயையும் திறந்து விட்டுட்டு, மாடியில பக்கெட் எத்தனை நேரத்துல நிறையுதுன்னு பார்க்கணுமாம். ஒத்தை ஆளால ஆகாது. நீங்க மாடியில நில்லுங்க, நான் கீழே திறக்கறேன். "திற புள்ள"ன்னு கத்துங்க. நானும் "திறந்துட்டேனுங்க"ன்னு கத்தறேன். அதெல்லாம் பேச்சுல சேராதுங்க.