வீட்டு லோனும் என் உயிரும்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மாடிப்படி ஓரம் மறுபடி ஒழுகல். வாளி வைத்தாயிற்று. கொத்தனாரைக் கூப்பிட இது நேரமில்லை. ஒரகடத்தில் இவர் கம்பெனியில் நைட் ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். ஓ.டி. கிடையாது. அந்த ஓ.டி. பணத்தை நம்பித்தான் சேரப்பணஞ்சேரியில் இந்த வீட்டையே கட்டினோம். லோன் மட்டும் மாசம் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறது. வட்டி ஏறியபோது தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிவிட்டார்கள், நம்மை ஒரு வார்த்தை கேட்காமல். நல்ல மனசு.

வாங்க: புளி, கொசுவர்த்தி, இவருக்குச் செருப்பு.

சாயங்காலம் இவர் போனை எடுத்துக்கொண்டு மோட்டார் பக்கம் போனார். தூறலில். குப்பை கொட்டுகிற சாக்கில் நானும் பின்னாலேயே. காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"அவளுக்கு எதுனா ஆனாதான் மொத்த லோனும் கழியுமா சார்?"

என்னைப் பார்த்ததும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். யார் என்றேன். சூப்பர்வைசராம். சூப்பர்வைசருக்கும் எங்கள் லோனுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வீட்டில் அவள் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது. மாடியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. எப்போதும் இவர்தான் ஏறித் தள்ளுவார். இன்று, கால் மரத்துப் போகிறது, நீ போய்த் தள்ளிவிட்டு வா என்கிறார். படிக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. பாசி வேறு. கீழே நின்றுகொண்டு, பாத்து ஏறு, பாத்து ஏறு என்றார். பிடிக்க நின்றாரா, வேடிக்கை பார்க்க நின்றாரா தெரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன், நடை பழகாத குழந்தை மாதிரி.

சாப்பிடும்போது இன்னொரு விசாரணை. தலை சுத்துதா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று. கல்யாணமான நாளாய்க் கேட்காத கேள்வி.

இவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. டிவி செய்தியில் கொலை நடந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

நவம்பர் 6, வியாழன்

ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒரகடத்தில் இறங்கி இன்னொரு பஸ். ஸ்ரீபெரும்புதூர் லோன் ஆபீஸ். டோக்கன். ஏசி. பல் கிட்டுகிற குளிர்.

கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. லோனோடு சேர்த்துப் போட்ட இன்சூரன்ஸ் யார் பேரில் என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்த முகமாய்ச் சொன்னாள்: "உங்க பேர்லதான் மேடம். நீங்க இறந்துட்டா மீதி லோன் கட்டவே வேணாம்."

சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பாள். இவருக்கு என்றேன். சாருக்கு ஒன்றும் இல்லை. வேலை போனால்? அதற்கும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது எல்லாம் ஞாபகம் வந்தது. இன்சூரன்ஸுக்கு மெடிக்கல் டெஸ்ட் அன்று இவர் லீவு போட்டால் அந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸ் மொத்தமும் போய்விடும். லோன் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் பாபு, எங்கள் சபைக்காரன்தான், புருஷன் பெண்சாதி யார் வந்தாலும் ஒன்றுதான் என்றான். வெறும் வயிற்றோடு நான் போனேன். ஒரு நாள் லீவுக்குப் பயந்து, சம்பாதிக்கிற உயிரை விட்டுவிட்டுச் சமைக்கிற உயிரை இன்சூர் செய்துவிட்டு வந்தோம். அன்றைக்கு அது இரண்டு பேருக்கும் சாமர்த்தியமாகத் தெரிந்தது.

இப்போது விஷயம் இவருக்கும் தெரியும். பயமே அதுதான்.

பருப்பு வரவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மூட்டம். இவரே டீ போட்டுத் தந்தார். இவர் பார்க்காத சமயம் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டேன். செடி நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை. விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம், பாதிதான் காதில் ஏறியது. முடிந்ததும் வண்டி நிறுத்துகிற இடத்தில் பாபுவை மடக்கினேன். எங்கள் வீட்டுக்காரர் உன்னிடம் என்ன பேசுகிறார், சொல்லாவிட்டால் பாஸ்டரிடம் போவேன் என்றேன். கக்கிவிட்டான்.

"அண்ணன் ஒரு மாசமா எங்கிட்டயும் லோன் ஆபீஸ்லயும் கேட்டுக்கினே இருக்காருக்கா. உங்க பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போடணுமாம்."

மாற்ற முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்று இவரை டெஸ்டுக்கு அழைத்துப் போயிருக்கிறான். சுகர் எக்கச்சக்கம். இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆறு மாசம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாமாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று இவர் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

கால் மரத்தது, என் மாத்திரையை விசாரித்தது எல்லாம் அதனால்தான். நான் என்னென்ன நினைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபம். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த அதிரசம் அத்தனையும் ஒருத்தராகத் தின்றாரே.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை. ஷிஃப்ட் முடிந்து வந்தவரைக் கதவருகிலேயே நிறுத்தி, எல்லாம் தெரியும் என்றேன். குனிந்து ஷூவை அவிழ்த்து ஓரமாக வைத்தார். அப்புறம் மெதுவாக:

"ஆள் குறைக்கப் போறாங்கன்னு கம்பெனில பேசிக்கிறாங்க. வேலை போனாகூட எதுனா செஞ்சிக்கலாம். நானே போய்ட்டா வூட்டைப் புடுங்கிக்குவாங்க. நீ எங்க போவ?"

அழுதுவிட்டேன். என்னைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்டியா நெனச்ச" என்றார். அவ்வளவுதான். சாப்பிடும்போதும் பேச்சில்லை.

நவம்பர் 12, புதன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. இவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

நானும் வேலை தேடினேன். சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனி லைன் வேலைக்கு எனக்கு வயசு தாண்டிவிட்டதாம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்க ஆள் வேண்டும். திங்கள் முதல் வரச் சொன்னார்கள். ரோடெல்லாம் கன்டெய்னர் லாரி, உனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று இவர் ஆரம்பித்தார்.

"எனக்கு ஆனா லோன் முடிஞ்சிடும். இந்த வூட்ல சாகக் கூடாத ஆள் நீங்கதான்" என்றேன்.

தலையை ஆட்டினார். சமாதானம். இனி: சோறு பாதி. காலையில் நடை. மாத்திரை என் கையால். டீயில் சர்க்கரை அறவே கிடையாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார், அவ்வளவு சுலபமாக.

சாயங்காலம் கடைக்குப் போய் வந்தேன். டீ குடித்த டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. இவராகக் கழுவியிருக்கிறார். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். கரண்டி ஈரம்.