சித்தப்பா துலக்கிய கிரீடம்

என் ஆசை அப்பாவுக்கு,

உங்கள் தம்பியைப் பழி தீர்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, உங்கள் பட்டாளத்துப் பெட்டியைச் சித்தப்பா தூக்கிக்கொண்டு போனார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இது?" என்றார். நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கார்கில் சண்டைக்குப் பிறகு மீன்சுருட்டியில் பட்டாளத்தார் என்றால் தனி மரியாதை. வாலிபத்தில் பத்து வருடம் ஊர்ப்பக்கமே வராமல் லாரி ஓட்டிய சித்தப்பா, அந்தப் பத்து வருடமும் பட்டாளத்தில் இருந்ததாகச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடக் கல்வெட்டில் அவர் பெயரைப் பொறிக்கப் போகிறார்களாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வீட்டுச் சுவரில் உங்கள் படம் இரண்டு உண்டே. சேர்ந்த புதிதில் எடுத்ததில், தொப்பிச் சின்னத்தின் உச்சியில் கிரீடம் இருக்கிறது. மற்றதில் சிங்கம். அதன் பின்பக்கம் உங்கள் கையெழுத்து: 'குடியரசு ஆகி, சின்னம் மாறிய பின் எடுத்தது.' பழைய தொப்பியைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தீர்கள். சித்தப்பா மாட்டிக்கொண்டது அதைத்தான்.

"தனியா கூப்பிட்டுச் சொல்லிடு" என்றாள் அம்மா. எனக்கு மனசு வரவில்லை.

குடியரசு தினத்தன்று அந்தத் தொப்பியோடு பள்ளிக்கூட மேடையில் நின்றார். சின்னத்தைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். கறுத்துக் கிடந்தபடியே விட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கடைசி வரிசைவரை கிரீடம் மின்னியது.

சுவரிலிருந்த இரண்டு படங்களையும் எடுத்துப் போயிருந்தேன்; மேடையேறி அவற்றை ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு மைக்கில் கேட்டேன். "எப்ப பட்டாளத்துல சேந்தீங்க சித்தப்பா?"

"சீனாக்காரன் சண்டையிலம்மா."

"அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கிரீடத்த எடுத்துட்டாங்களே. இது எங்க அப்பா தொப்பி."

ஹெட்மாஸ்டர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். "அண்ணன் மாரி ஒரு தடவ நிக்கணும்னு ஆசம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"மைக்குல சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

நான் செய்தது அதிகமா அப்பா? நீங்கள் இருந்திருந்தால் தம்பி பக்கம்தான் பேசியிருப்பீர்கள். பேசியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கல்வெட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. சித்தப்பா பள்ளிக்கூடத் தெருவையே விட்டுச் சுற்றிப் போகிறார். இனி ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் அந்தக் கிரீடத்தை நானே புளி போட்டுத் துலக்கி, அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பெட்டிக்கு உரிமைக்காரி,
உங்கள் பொம்பளப் பிள்ளை.