ஜன்னல் திறக்காத பஸ்

டிசம்பர் 1, ஞாயிறு

நிலா டிக்கெட் அனுப்பிவிட்டாள். டிசம்பர் இருபத்தொன்று, பெங்களூரிலிருந்து போர்ட் பிளேர், அவள் அப்பாவுக்கும் எனக்கும். அங்கே வேலைக்குப் போனதிலிருந்து ஒரே பாட்டு: ஒருதரமாவது வந்து கடலைப் பாரும்மா. இந்த வயதுவரை நான் கடல் பார்த்ததில்லை என்று வேலை செய்கிற இடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

என் வீட்டுக்காரர் தாமோதரன், டிக்கெட்டைப் போனில் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பிளேன்ல ஜன்னல் தொறக்குமா?”

திறக்காது என்று தெரிந்துதான் கேட்கிறார்.

டிசம்பர் 4

தூக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. எங்கள் ஊர்த் தங்க மைன்ஸ் மூடுவதற்கு முன்னால், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற அந்த இரும்புக் கூண்டு, கேஜ், இரண்டு லெவலுக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே இவரும் மற்றவர்களும் ஒரு ஷிஃப்ட் முழுக்க இருட்டில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கதவு சாத்திய இடம் என்றாலே இவருக்கு மூச்சு முட்டுகிறது. லிஃப்ட் வேண்டாம், ஏசி வேண்டாம், ராத்திரி கதவு அடைக்கிற ரயில் வேண்டாம். பகல் ரயிலில் வாசலில் நின்றுகொண்டு போகிற தூரம்தான் எங்கள் உலகம். அதில் சென்னைகூட இல்லை.

அவர் மாட்டிக்கொண்டது ஒரு ஷிஃப்ட். நான்?

எழுதக் கூடாதுதான். இங்கேயும் எழுதாவிட்டால் வேறு எங்கே?

டிசம்பர் 9

வீட்டில் பிளேன் ஓடுகிறது. ரூம் ஜன்னலையும் கதவையும் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மடியில் பையோடு நாற்காலியில் உட்காருகிறார். நான் தண்ணீர் கொடுக்கிற பெண். “இன்னாம்மா, காபி கெடையாதா?” என்று கிண்டல் வேறு. ஆனால் கழுத்தெல்லாம் வேர்வை.

ஆரம்பிக்கும் முன் நாற்காலிக் கையில் மூன்று தட்டு. கேஜில் மூன்று மணி அடித்தால், உள்ளே ஆள் இருக்கிறது, பதமாக ஓட்டு என்று மேலே இன்ஜின் ஓட்டுகிறவருக்குச் சொல்வது. மைன்ஸ் மூடினாலும் இவர் கை மறக்கவில்லை. வைட்ஃபீல்ட் ஆஸ்பத்திரி வேலைக்கு நான் தினம் ரயிலுக்குக் கிளம்பும்போதும் கேட்டில் மூன்று தட்டு விழும். “சரக்கு இல்ல, ஆள் போவுது” என்பார்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒரு சீரியல் ஓடுகிற நேரம் தாக்குப்பிடித்தார்! டாக்டர் மாத்திரையும் கொடுத்திருக்கிறார், பிளேனில் போட்டுக்கொண்டு தூங்கிவிட வேண்டியதுதான்.

நான் புதுச் செருப்பு வாங்கினேன். மணலுக்கு.

டிசம்பர் 20

நாளை பக்கத்து வீட்டு சிரில் காரில் ஏர்போர்ட். நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டே போகலாம் அண்ணே என்கிறார் சிரில். கும்பிட வேண்டிய மனுஷன்.

டிசம்பர் 21, சனி

சிரில் காருக்கு கிளட்ச் போய்விட்டது. பரவாயில்லை. ரயிலில் பெங்களூர் மெஜஸ்டிக், அங்கிருந்து ஏர்போர்ட் பஸ். பஸ்தானே.

டிசம்பர் 22, போர்ட் பிளேர்

நேற்று எழுதக் கை வரவில்லை.

பிளேனுக்கு அவ்வளவு ஒத்திகை பார்த்தோம். பஸ்ஸை இரண்டு பேரும் நினைக்கவேயில்லை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், ஒரே பெரிய கண்ணாடி, தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை. கதவு புஸ்ஸென்று சாத்திக்கொண்டது. இவர் முன்சீட்டுக் கம்பியில் மூன்று தட்டு தட்டினார்.

ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. லீவுக் கூட்டம். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி, எங்கள் காலடியெல்லாம் யார் யாருடைய பெட்டியோ. இவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். அப்புறம் அடுத்தது. விரல் கண்ணாடியின் ஓரத்தைத் தடவித் தடவிப் போனது.

“இது தொறக்காதுங்க.”

“தெரியுது. கையி தேடுது.”

மாத்திரையை நீட்டினேன், தட்டிவிட்டார். திடீரென்று எழுந்து பெட்டிகளை மிதித்துக்கொண்டு ஓடி, கதவைத் திற என்று கன்னடத்தில் கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாலத்தின் மேல் திறக்க முடியாது, ஸ்டாப் வரட்டும் என்று கண்டக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்ற இந்த மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. கேஜுக்குள் இருந்தவர் இவர்தான் போலிருக்கிறது.

பாலம் இறங்கியதும் ஸ்டாப். குதித்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கினார். நான் பெட்டியோடு படிவரை வந்துவிட்டேன். இதுவும் போச்சு, கடலும் போச்சு. எங்கிருந்து வந்ததோ என் வாயில் அந்தக் குரல்:

“எப்பவும் நானும் கூடவே எறங்கணுமா?”

நிமிர்ந்து பார்த்தார். “பஸ்ஸே தாங்கல, பிளேன் எப்படித் தாங்கும்? நீ எறங்காத செல்வி. போ.”

“தனியாவா?”

“தனியாத்தான். புள்ள காத்துக்கினு இருக்கும்.”

அவர் சொல்வதற்கு முன்பே என் கால் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அதுதான் நிஜம். கதவு சாத்தியது. எழுந்து வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். உள்ளே சத்தம் கேட்கவில்லை. கை மூன்று தரம் போய் வந்தது மட்டும் தெரிந்தது.

டிசம்பர் 23

கடல் பார்த்தேன்.

டிசம்பர் 25

நிலாவோடு படகில் போனேன். அலை அடித்து இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். சிரித்தேன், உடனே வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்தும் அந்தப் பஸ்ஸின் படியிலேயேதான் நிற்கிறேன். இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. அவரை நடுரோட்டில் விட்டுவிட்டுக் கடலில் கூத்தடிக்கிற பெண்பிள்ளை — ஸ்கெலட்டனில், எங்கள் லைன் வீடுகளில், இப்படித்தானே பேசுவார்கள்? பேசட்டும். இல்லை, பேசாமல் இருந்தால் நல்லது.

சாயங்காலம் போன் செய்தேன்.

“சாப்டீங்களா?”

“ஆச்சு.”

“எம்மேல கோவமா?”

“இன்னாத்துக்கு? நீயும் எறங்கிருந்தா, அப்பால நான் எதுக்குமே கெளம்பிருக்க மாட்டேன்.” பிறகு, “திரும்பி வர்ற பஸ்ஸும் ஹெப்பாள்ல நிக்குமா?”

நிற்கும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. மெஜஸ்டிக் ஸ்டேஷன் வாசலில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

டிசம்பர் 28, சனி

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வருகிறது. இவர் வழக்கம்போல வாசலில், காற்றில்.

ஏர்போர்ட்டில் அதே மாதிரி பஸ். ஏறியதும் பஸ் நம்பரை அவருக்குப் போனில் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஹெப்பாளில் கதவு திறந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை. கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஸ்டேஷன்ல நிக்கிறேன்னீங்க?”

“ஒரு ஸ்டாப்புதான். அடுத்ததுல எறங்கிக்கிறேன்.”

கதவு சாத்தியது. அவர் இரண்டு கையும் முழங்காலைப் பிடித்தபடி அப்படியே இருந்தன. தட்டவில்லை. நான்தான் கையை நீட்டி முன்சீட்டுக் கம்பியில் தட்டினேன். மூன்று.

பாலத்தில் வண்டி ஊர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பேச ஆரம்பித்தேன். காலையில் கடல் ஒரு நிறம், மத்தியானம் வேறு நிறம், அலை வாங்கும்போது காலடி மணல் நழுவுகிறது, புதுச் செருப்பில் ஒன்றைக் கடல் கொண்டுபோய்விட்டது — வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நிறுத்தப் பயமாக இருந்தது.

அடுத்த ஸ்டாப் வந்தது. கதவு திறந்து வெளிக்காற்று அடித்தது. நானும் கூட இறங்கிவிடலாம் என்று பெட்டியை எடுக்கக் குனிந்தேன்.

“உக்காரு,” என்றார், கண்ணைத் திறக்காமலே. “செருப்பு போச்சுன்ன. அப்பறம்?”