நித்யாவின் இலைப்புழு

செப்டம்பர் 9, இரவு

பால்கனி எலுமிச்சையில் சுருண்டு கிடந்த இலைகளைக் காலையில் கிள்ளிக் குப்பையில் போட்டேன். ஒரு புழு இலைத்தோலுக்கு அடியில் வெள்ளிக் கோடாக வளைந்து வளைந்து தின்றிருந்தது. பள்ளியிலிருந்து வந்த மகள் நித்யா அழுதேவிட்டாள்.

"அம்மா, அதுல என் புழு இருந்துச்சு! இலை ஓரத்த மடிச்சு உள்ள தூங்குச்சு. நாளைக்கு பக்கா பறந்திருக்கும்!"

அது அந்துப்பூச்சியாவதைப் பார்க்கப் பத்து நாளாகக் காத்திருந்தாளாம். எனக்குத் தெரியாது. குப்பை எடுக்கும் அண்ணன் எப்போதோ வந்து போயிருந்தார். தேடித் தேடி ஒரு தளிரில் புதுக்கோடு கண்டுபிடித்துக் கூப்பிட்டேன்.

"அது வேற புழு," என்றாள், திரும்பாமலே.

சாப்பிடாமல் தூங்கிவிட்டாள். செடிக்கென்று வாங்கி வைத்த பூச்சிமருந்தை அடிக்க மனம் வரவில்லை. அடிக்காவிட்டால் செடி போய்விடும். இரண்டு முறை எழுந்துபோய் அந்தத் தளிரைப் பார்த்துவிட்டு வந்தேன்.